சத்தம் போடாத பின்சக்கரம்

1. நிற்காத வண்டி

வண்டி ஓடவில்லை என்று என் பட்டறைக்கு வந்தவர்கள் ஏராளம். வண்டி நிற்கவில்லை என்று வந்த முதல் ஆள் முனுசாமிதான்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் காதர், ஊருக்குக் காதர் பாய். பெட்ரோல் கூப்பனுக்கு வந்துவிட்டதால் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டி மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். மீதிப் பேர் வண்டியின் முதுகில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கரி வண்டி என்று பெயர். மேடு வந்தால் இரைக்கும், சில சமயம் நின்றேவிடும். ஓட்டுகிறவன் முகம் சாயங்காலத்துக்குள் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் இன்றைக்குப் பட்டறைப் பையன்களிடம் சொன்னால், பாய் கதை விடுகிறார் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் காலை ரயிலில் இறங்கி நேராக என் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றான் முனுசாமி. முப்பது வயதிருக்கும். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பாயி, திண்டிவனத்துலேருந்து வர்றேனுங்க. மல்லாட்டை மில்லு மொதலாளி அனுப்பினாரு. எங்க காரு நிக்க மாட்டேங்குதுங்க."

"ஓடுதா?"

"ஓடறதுக்கு இன்னா, ஜோரா ஓடுது. நிறுத்தறதுதான் பேஜாரா இருக்குது. நானும் கால வெச்சி அழுத்திக்கினேதான் இருக்கேன், அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. நேத்து மில்லு கேட்டுல போயி முட்டிக்கினுதான் நின்னுச்சி."

"சத்தம் வருதா?"

"பின்னால வருதுங்க. கொல்லன் அருவாளைச் சாணை புடிக்கிற மாரி."

எனக்குப் புரிந்துவிட்டது. பின்சக்கர பிரேக்கில், சுற்றுகிற டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கிற லைனிங் பட்டை தேய்ந்து, அதைப் பொருத்தியிருக்கிற ரிவிட் டிரம்மைத் தின்றுகொண்டிருக்கிறது. கரிப் பீப்பாயின் பாரம் முழுவதும் பின்னால்தான். தேயாமல் என்ன செய்யும்? வண்டியை இங்கே கொண்டுவர வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். பிரேக் இல்லாத வண்டியை அத்தனை தூரம் ஓட்டிவரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலை பேசி முடிந்த பிறகும் அவன் போகவில்லை. "டெஸ்ட்டுக்குள்ள ஆயிடுங்களா பாயி?" என்று கேட்டான். அப்போதுதான் மீதிக் கதையைச் சொன்னான்.

அவனுடையது மில் முதலாளியின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த சேரிக் குடும்பம். அவன் மட்டும் மில்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினான். பழைய கார் டிரைவர் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டார். காரைக் கழுவிக்கொண்டும் கரி போட்டு ஊதிக்கொண்டும் இருந்த முனுசாமி, அவர் இருக்கும்போதே மில் வளவுக்குள் ஓட்டப் பழகியிருந்தான். யுத்தத்தில் வேறு டிரைவர் கிடைக்காமல் முதலாளி இவனையே உட்கார வைத்துவிட்டார். ஆனால் லைசென்ஸ் இல்லை. விழுப்புரத்துக்கு டெஸ்ட் எடுக்க இன்ஸ்பெக்டர் வரும்போது ஓட்டிக் காட்டித் தேற வேண்டும்.

"லைசென்ஸ் வந்தா நீ டிரைவரு, வரலைன்னா மாடு இருக்குது, வண்டி இருக்குதுன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க" என்றான்.

இதன் கனம் இந்தக் காலத்தவர்களுக்குப் புரிய வேண்டும். எந்தத் தெருவில் அவன் செருப்புப் போட்டு நடக்க முடியாதோ, அதே தெருவில் அவன் கார் ஓட்டிக்கொண்டு போனான். முதலாளிக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பண்ணையாட்கள் எல்லாரும் அவரை, எஜமானே என்ற பொருளில், 'ஆண்டே' என்று கூப்பிடுவார்கள். இவன் பழைய டிரைவர் கூப்பிடுவதைப் பார்த்து அவரை 'மொதலாளி' என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் எந்தப் பாடும் படுவான் என்று எனக்குத் தோன்றியது.

2. மாட்டுக் கொட்டகையில்

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். முதலாளி வீட்டுப் பின்கட்டில், மாடுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கொட்டகையில்தான் காரை நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் முன்சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தோம். பின் ஆக்ஸிலுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே இரண்டு மரக்கட்டைகளை அடுக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனுக்கு வீட்டில் பெண்டாட்டி மேல் கோபம் என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூ துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்து, மரச் சுத்தியால் சுற்றித் தட்டினதும் டிரம் கையோடு வந்துவிட்டது.

இடது பக்கத்தில் லைனிங் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ரிவிட் தலைகள் வெளியே வந்து டிரம்முக்குள் கோடு கோடாக உழுதிருந்தன. வலது பக்கம் வேறு நோய். ஆக்ஸில் ஆயில், அதைத் தடுக்கப் போட்டிருந்த கம்பளி ஃபெல்ட் வளையத்தைத் தாண்டிக் கசிந்து, லைனிங் முழுவதும் ஊறி, டிரம்முக்குள் கருப்பாக அப்பிக்கொண்டிருந்தது.

முனுசாமி எட்டிப் பார்த்தான். "இந்தப் பக்கம் தேவலைங்களே பாயி" என்றான்.

நான் சிரித்துவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றப் போய்விட்டேன். அவன் வேடிக்கையாகச் சொன்னான் என்றுதான் நினைத்தேன்.

புது லைனிங் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. புதுச்சேரியில் ஒரு கடையில் யுத்தத்துக்கு முந்தின சரக்கு ஒரு சுருள் மிச்சமிருந்தது. பித்தளைக் கம்பி சேர்த்துப் பின்னின முரட்டு லைனிங். அதைத்தான் முந்தின நாளே போய் வாங்கி வந்திருந்தேன். லைனிங்கைத் தாங்குகிற வளைந்த இரும்பு ஷூவிலிருந்து பழைய ரிவிட்டைத் தட்டி எடுத்து, புது லைனிங்கை அளந்து வெட்டி, ஓட்டை போட்டு, ரிவிட் தலை உள்ளே புதைகிற மாதிரி குழி பறித்தேன். ரிவிட் அடிக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும், பிறகு பிடிக்கிற இடத்தில் பிடிக்காது. ஆயில் கசிந்த பக்கத்துக்கு, முதலாளியின் பழைய தொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஃபெல்ட் வளையம் வெட்டிப் போட்டேன். தொப்பியை வெட்டும்போது முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முனுசாமி மாதிரி ஒரு கையாள் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நான் கை நீட்டினால் ஸ்பானர் இருக்கும். எந்த ஸ்க்ரூ எந்தச் சக்கரத்துடையது என்று தனித்தனியாகச் சிரட்டையில் போட்டு வைத்திருந்தான். டிரம்மைக் கழுவ வெந்நீர் கேட்டேன். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தான். சலவைச் சோடாவைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்னேன். ஒரு சொட்டுப் பிசுக்கு இருக்கக் கூடாது என்றேன். வலது டிரம்மிலிருந்த கறுப்பு முழுவதும் போய், உள்பக்கம் வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஆகும் வரை தேய்த்தான்.

ஷூவை மாட்டி, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு, "டிரம்மைப் போடு" என்றேன்.

டிரம்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான், டிரம்முக்குள் பார்த்தான்.

"அவ்ளோதாங்களா பாயி?"

"அவ்ளோதான். ஜல்தி, ரயிலுக்கு நேரமாகுது."

போட்டுவிட்டான்.

3. கத்தல்

தளர்ந்து கிடந்த முன்சக்கர பிரேக்கையும் இறுக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கும்படி அட்ஜஸ்ட் செய்து, மரக்காணம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், முனுசாமி ஓட்டினான். வண்டி, நில் என்ற இடத்தில் நின்றது. ஆனால் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பின்சக்கரம் இரண்டும் கீச்சென்று கத்தின. கம்பி பின்னின லைனிங் புதிதில் அப்படித்தான் கத்தும். டிரம்மோடு ஒட்டித் தேய்ந்து பழகிவிட்டால் அடங்கிவிடும்.

முதலாளி வாசலில் நின்றிருந்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் கௌரவம் பார்ப்பவர்.

"இன்னா பாய் இது? தெருவே திரும்பிப் பாக்குது."

"கொஞ்ச நாளைக்குக் கத்தும் முதலாளி. தானா அடங்கிடும். பிரேக் பிடிக்குதான்னு மட்டும் பாருங்க."

"புடிக்கிறது சரி. இன்ஸ்பெக்டர் முன்னாடி இப்படிக் கத்தினா நம்ம வண்டியை இன்னான்னு நெனைப்பாரு?"

"பிரேக் நல்லா இருக்குன்னு நினைப்பாரு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன். முனுசாமி சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மில்லில் இருந்த மாட்டு வண்டிக்காரர்கள் அவனை வறுத்து எடுத்துவிட்டார்கள். மாட்டு வண்டிக்காரனுக்குச் சக்கரம் கத்துவதைப் போல அவமானம் வேறு கிடையாது. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை செய்து, மூங்கில் குழாயில் வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். அச்சில் மை வற்றிக் கத்தினால், சோம்பேறி ஓட்டுகிற வண்டி என்று ஊரே சொல்லும்.

"கார்ல ஏறிக்கினதும் மை போடறதுகூட மறந்து போச்சா முனுசாமி?" என்று ஒருவன் கேட்டானாம்.

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், மில் அடங்கின பிறகு, முனுசாமி தனியாக ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான். என்னோடு இருந்து பார்த்தது அவனுக்கு அப்படியே மனதில் இருந்தது. கல் அண்டக் கொடுத்தான், கட்டை அடுக்கினான், சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினான். ஒரு தப்பும் இல்லாமல் திரும்ப மாட்டினான். நடுவில் ஒரே ஒரு வேலைதான் அவனாகச் சேர்த்துச் செய்தது.

4. ஏரிக்கரை ஏற்றம்

டெஸ்டு அன்று கொட்டகையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவன் தேறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

முதலாளியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முனுசாமி திண்டிவனத்திலிருந்து ஓட்டி வந்து நிறுத்தினான். புதுக் காக்கிச் சட்டை. கரிப்புகை படாமல் துணியால் போர்த்திக்கொண்டு வந்து, ஊர் எல்லையில்தான் துணியை எடுத்தானாம். வண்டி என் எதிரில் வந்து நின்றபோது ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

"பாத்தீங்களா பாய், அடங்கிடுச்சி" என்றார் முதலாளி.

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. லைனிங் இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டதோடு நின்றுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறினார். முனுசாமி ஓட்டினதைப் பார்த்தவர்கள் அவனைப் பிறவி டிரைவர் என்பார்கள். கை காட்டித் திரும்பினான், கட்டைகளுக்கு நடுவில் பின்னால் எடுத்தான், சைக்கிளுக்கு ஒதுங்கினான். மாட்டோடு பழகினவனுக்கு ஒரு பொறுமை உண்டு, அது ஸ்டியரிங்கிலும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார். மிச்சமிருந்தது ஏற்றம் மட்டும்தான்.

விழுப்புரம் தட்டை ஊர். மேடு என்றால் ஏரிக்கரையில் ஏறுகிற வழி ஒன்றுதான். அதில் பாதி ஏறினதும் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, காலை எடுத்துவிட்டு நிற்க வைத்துக் காட்ட வேண்டும். பிறகு மறுபடி கிளப்பி மேலே ஏற வேண்டும். நானும் முதலாளியும் கரையோரமாக நடந்து போய் நின்றுகொண்டோம். கீழே வளவனூர்ப் பக்கத்துக் கரும்பு வண்டி ஒன்று காரின் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. வண்டிகளை மறித்து நிறுத்த அங்கே யாரும் இல்லை.

பாதி மேட்டில் கார் நின்றது. இன்ஸ்பெக்டர், "ஹேண்ட் பிரேக் போடு. கால எடு" என்று சொன்னது எங்களுக்கே கேட்டது.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். முனுசாமி அதை இழுத்துவிட்டுக் காலை எடுத்தான்.

கார் பின்னால் நகர்ந்தது. முதலில் மெதுவாக, அவன் ஏதோ விளையாடுகிற மாதிரி. உடனே காலை பிரேக்கில் வைத்துவிட்டான், அதை நான் பார்த்தேன். ஆனால் தட்டை ரோட்டில் போதுமாயிருந்த முன்சக்கர பிரேக் மட்டும் பிடித்து, பின்னால் கரிப் பீப்பாயோடு மேட்டில் இறங்குகிற வண்டியை எப்படி நிறுத்த முடியும்? "பிடி, பிடி" என்று நான் கத்தினேன். கரும்பு வண்டிக்காரர் மாடுகளைத் திருப்பப் பார்த்தார். பாரவண்டி திரும்பவில்லை. பீப்பாய் வலத்து மாட்டின் மேல் மோதி, அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. கார் அதன் மேல் சாய்ந்த மாதிரி நின்றது.

இன்ஸ்பெக்டருக்குக் காயமில்லை. முனுசாமிக்கும் இல்லை. அவன் இறங்கி ஓடி, நுகத்தடிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மாட்டின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். சூடான பீப்பாய் பட்டு அதன் தோளும் வெந்திருந்தது. கால் இரண்டாக ஒடிந்து தொங்கியது. கரும்பு வண்டிக்காரர், "என் மாடு போச்சே, என் மாடு போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். முனுசாமி மாட்டின் கண்ணில் மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தான்.

5. டிரம்முக்குள்

காரை மாடு கட்டி இழுத்து என் கொட்டகைக்குக் கொண்டு வந்தோம். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய் வேலை பண்ணியிருக்கீங்க? உங்களை நம்பித்தானே வண்டிய வுட்டேன்?"

நேராகப் போய்ச் சக்கரத்தைக் கழற்றினேன். என் பிரேக் பிடிக்காமல் போயிருக்காது என்ற திமிரும், போய்விட்டதே என்ற பயமும் சேர்ந்தே இருந்தன. டிரம்மை எடுத்ததும் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. உள்ளே சுற்றிலும், லைனிங் மேலும், கறுப்பு மை. அவசரத்தில் அப்பினது இல்லை. விரலால் தொட்டுத் தொட்டு, ஒரு இடம் விடாமல், சீராகத் தடவியிருந்தது.

நான் நிமிர்ந்தபோது முனுசாமி வாசலில் நின்றிருந்தான். காக்கிச் சட்டை முழுவதும் மாட்டின் நுரையும் ரத்தமும்.

"நான்தானுங்க போட்டேன்" என்றான்.

முதலாளி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். நான் நடுவில் போய் நின்றேன். முனுசாமி அவர் காலில் விழுந்தான்.

"ஆண்டே, தப்பு என்னுதுதாங்க ஆண்டே. பாயி மேல ஒண்ணும் இல்லீங்க."

அவன் வாயில் மறுபடி அந்தச் சொல் வந்துவிட்டது. முதலாளிக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஓங்கின கையைத் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் முனுசாமி? பிரேக்ல யாராவது மை போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க பழைய மையையெல்லாம் கழுவச் சொன்னீங்க பாயி. கழுவினேன். கழுவினா புது மை போட்டுத்தானே மூடணும்? போடாம மூடச் சொன்னீங்க. ரயிலு அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் சக்கரம் கத்துதுன்னு நெனச்சேன்."

"மறந்துட்டீங்க பாயின்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மொதலாளி வூட்டுல, எல்லாரும் பாத்துக்கினு இருக்கச்சே, உங்க தப்ப நான் எப்படிங்க சொல்றது? சொல்ற எடத்துலயா நான் இருக்கேன்? உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் சொல்லாம நானே போட்டுட்டேன்."

என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்து என் வேலையை முடித்து வைத்திருக்கிறான். வலது டிரம்மில் ஆயில் அப்பிக் கிடந்ததைப் பார்த்து, இந்தப் பக்கம் தேவலை என்று அவன் சொன்னது விளையாட்டில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அச்சு காய்ந்தால் வண்டி கெடும் என்பது அவன் பிறந்ததிலிருந்து படித்த பாடம். உராய்ந்தால்தான் நிற்கும் என்ற பாடத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சக்கரம் என்றால் உருளத்தான் வேண்டும் என்று நினைத்தவனிடம் நான் சக்கரத்தை நிறுத்துகிற சாமானைக் கொடுத்திருந்தேன்.

கால் ஒடிந்த வண்டி மாட்டின் முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை எழுத எனக்கு விருப்பமில்லை. கரும்பு வண்டிக்காரருக்கு உண்டானதை முதலாளி அன்றைக்கே தீர்த்து அனுப்பினார்.

6. காலியான சீட்

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முனுசாமிக்குக் கதவு மூடவில்லை. இன்ஸ்பெக்டர் மறுநாள் என் கொட்டகைக்கே வந்து, "ஆளு நல்லா ஓட்டறான்யா. பிரேக்கைச் சரி பண்ணிக்கிட்டு அடுத்த தடவை வரச் சொல்லு" என்றார். நான் திண்டிவனம் போய் முதலாளியிடம் வாதாடினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அவரும் சரி என்றார். அவருக்கும் வேறு டிரைவர் ஏது?

காரை மாடு கட்டித் திண்டிவனத்துக்கே இழுத்துப் போயிருந்தார்கள். எண்ணெய் குடித்த லைனிங் உதவாது. மிச்சமிருந்த சுருளை வெட்டி மறுபடி அதே மாட்டுக் கொட்டகையில் அதே வேலையை முதலிலிருந்து செய்தேன். கையாளாக மில்லிலிருந்து வேறு யாரோ வந்தார்கள். முனுசாமி மில் வளவில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வேலையை நிறுத்திவிட்டு அவனிடம் போனேன்.

"இன்ஸ்பெக்டர் வரச் சொல்றாரு. முதலாளியும் ஒத்துக்கினாரு. இன்னும் இன்னாடா உனக்கு?"

"வேணாங்க பாயி."

"யாருமே உன்னைத் தப்பு சொல்லலையே."

"அதான் தெரியுதுங்களே. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்க." மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "மாடுன்னா எனக்குத் தெரியும் பாயி. இன்னா நோவு, இன்னா பசி, எப்போ மொரண்டு புடிக்கும், எல்லாம் தெரியும். கார்ல எனக்கு இன்னா தெரியாதுன்னுகூட எனக்குத் தெரியலீங்களே. தெரியாத எடத்துல உக்காந்துக்கினு இன்னொருத்தன் மாட்டை நான் கொல்லணுமா?"

நான் எவ்வளவோ சொன்னேன். கோபப்பட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். அவன் வரவில்லை. முதலாளி யுத்தம் முடியும் வரை காரை மூடி வைத்துவிட்டு, பிறகு சென்னையிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் வண்டியை உலுக்கி உலுக்கி ஓட்டுவான். அதில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் எனக்கு முனுசாமி கையின் நிதானம்தான் ஞாபகம் வரும்.

எத்தனையோ டிரைவர்களைப் பார்த்துவிட்டேன். லாரி வைத்து முதலாளியானவர்கள் உண்டு, பஸ் கம்பெனியில் பென்ஷன் வாங்கினவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு முனுசாமியின் கால் தூசு அளவுக்குக் கைப்பழக்கம் கிடையாது. அவன் கடைசிவரை மல்லாட்டை மூட்டைதான் ஏற்றினான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பட்டறைப் பையன்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். சத்தம் வந்தால் ஏன் வந்தது என்று எல்லாரும் தேடுகிறோம். வந்த சத்தம் அடங்க வேண்டிய நாளுக்கு முன்னாலேயே நின்றுபோனால், ஏன் நின்றது என்றும் தேடுங்கள்.

இரண்டாவது, வேலை முடிந்து டிரம்மை மூடுவதற்கு முன் கூட இருக்கிறவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவன் டிரைவரோ, கிளீனரோ, வண்டி கழுவ வந்தவனோ, யாராக இருந்தாலும் சரி. "நான் எதையாவது மறந்துட்டேனா, பார்த்துச் சொல்லு." முதலில் யாரும் சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், தலையைச் சொறிவார்கள், நீங்க மறப்பீங்களா என்பார்கள். சொல்லும் வரை நட்டை முறுக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்து வருகிறேன். பாய்க்கு வயதாகிவிட்டது, தன் வேலையில் தனக்கே நம்பிக்கை இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அன்றைக்குத் திண்டிவனத்துக் கொட்டகையில் டிரம்மைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முனுசாமியிடம் இதை நான் கேட்டிருந்தால், "மை போடலீங்களே பாயி" என்று சொல்லியிருப்பான். நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவனும் வெட்கப்பட்டுச் சிரித்திருப்பான். பிறகு அவன் டிரைவராகியிருப்பான்.